பங்காளியை முதலில் கேட்க வேண்டும்

12 நவம்பர் 1994, சனி
டுசல்டோர்ஃப், ஜெர்மனி

சித்தப்பாவின் மகன் செல்வம் இன்று ஊன்ட்றொப் என்ற ஊரிலிருந்து வந்திருந்தான். யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில் எங்கள் இருவருக்கும் பொதுவாக, இன்னும் பிரிக்காமல் ஒரு காணி இருக்கிறது. அதில் தன் பங்கை விற்கப் போகிறானாம். யாழ்ப்பாணத் தமிழருக்கென்று உள்ள தேசவழமைச் சட்டப்படி பங்காளியான என்னை முதலில் கேட்க வேண்டும். நான் வேண்டாம் என்றால்தான் வெளியாளுக்கு விற்கலாம்.

"அண்ணை, நீங்கள் எடுக்கிறியளோ? இல்லையெண்டால் பரமசிவம் மாஸ்டர் கேக்கிறார்."

பரமசிவம் என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். இங்கே அவருடைய பிள்ளைகள் இருவருக்கும் நல்ல வேலை. எனக்கு மகனின் வீட்டில் ஓர் அறை. வாங்க முடியாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம்.

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன்.

செல்வத்தின் முகம் வாடிப்போனது. கொழும்பில் தனியே நிற்கும் மகளை இங்கே கூப்பிட அவனுக்குக் காசு உடனே வேண்டும்.

அவன் போனதும் மனைவி பிடித்துக்கொண்டாள். "வாங்க எங்களிட்டைக் காசில்லை. பிறகேன் செல்வத்தை அலைக்கழிக்கிறியள்? மாஸ்டரில எரிச்சல் எண்டு சொல்லுங்கோவன்."

வகுப்பில் சில பிள்ளைகள் தாங்கள் வாசிக்காத புத்தகத்தை அடுத்தவன் எடுத்துவிடக் கூடாதென்று மேசைக்குள்ளேயே வைத்திருப்பார்கள். அவர்களிடம் எவ்வளவு பொறுமையாகப் பேசியிருக்கிறேன்.

நாளை செல்வம் தொலைபேசி எடுப்பான். அவன் மகளுக்காகவாவது சரி என்று சொல்லிவிட வேண்டும். மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். மாஸ்டரை இன்னும் ஒரு கிழமை பொறுக்கச் சொல் என்றுதான் வருகிறது.