செவ்வாய்க்கிழமை டப்பா

என் சைக்கிள் பாரில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போய் வந்த மச்சான் அந்தோணிக்கு,

செம்பரம்பாக்கம் ஏரி வற்றி, நடுத்தரையில் ஆடு மேய்ந்த வருடம் அது. எங்கள் கம்பெனியைக் கதவடைத்துப் போட்டு, நான் வீட்டோடு கிடந்த வருடம். கரையான்சாவடியில் நம் காலனித் தெருவுக்கு முதல்முதலாகக் குழாய் போட்டு, அதில் காற்று மட்டும் வந்த வருடம். எழுதப் படிக்கத் தெரியாத நான் வருடத்தை இப்படித்தான் வைத்திருக்கிறேன். இதுவரை ஒன்றும் தொலையவில்லை.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது உன் மகள் ஸ்டெல்லா. வருகிற மாதத்தோடு நீ செத்து ஒரு வருடம். நினைவு நாளுக்கு அச்சடிக்கும் தாளில் போட, மூத்தவர் என்று என்னிடம் நாலு வார்த்தை கேட்டு வந்தாள். "குழந்தைகளின் உயிர் காத்தவர்" என்று அவளே ஒரு வரியும் எழுதி வைத்திருந்தாள்.

"அத அடிச்சிடும்மா."

"ஏன் மாமா? அப்பா அந்த ஆஸ்பத்திரி வேலய எத்தினி வருசம் பாத்தாரு."

"பாத்தான். அதான் சொல்றேன், அடி. நான் சொல்றத எழுது."

நான் சொல்லப்போவது உனக்குத் தெரியாததில்லை. தாளை வாங்கிப் படிக்கிறவர்களுக்கும் தெரியட்டும்.

பால் குடிக்கிற பிள்ளைகளுக்கு வரும் குடல் நோயை ஆராய்ச்சி செய்ய ஒரு ஆஸ்பத்திரி நம் காலனியை எடுத்துக்கொண்டது. பத்தாவது படித்த உனக்கு அதில் வேலை. செவ்வாய்தோறும் வீடு வீடாகப் போய், பிள்ளைகளின் மலத்தைச் சின்ன டப்பாவில் வாங்கி, நம்பர் ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோவாய். தெருவே உன்னை 'பீ டாக்டரு' என்று கூப்பிட்டது. "சிரிங்க, சிரிங்க. உங்க புள்ளைங்க ஜாதகம் என் பொட்டியில கீது" என்பாய்.

கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து உன் அக்கா லூர்து பெற்றவள் அற்புதமேரி. அப்போது எட்டு மாதம். தாய்மாமன் நீ. உன் மடியில் வைத்துத்தான் காது குத்துவது என்று பேசி வைத்திருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பிள்ளை வெளிக்குப் போகவில்லை. காலை மடக்கி மடக்கி வீறிடும், பிறகு துவண்டு கிடக்கும். செவ்வாய் காலை நீ வந்தபோது லூர்து வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தாள். "ரெண்டு நாளா போவலடா" என்றாள். நீ எதிர்வீட்டுக்குப் போனாய். அங்கே ஒரு கொழுகொழு பிள்ளை. அதன் தாய் துணியை நீட்ட, நீ கரண்டியால் வழித்து இரண்டு டப்பாவில் போட்டாய். லூர்து பிள்ளையோடு உள்ளே போய்விட்டாள். நான் நம் வாசலில் நின்று பார்த்தேன்.

"இன்னா மச்சான், ரெண்டு டப்பா?"

"ஒண்ணு நம்ம பாப்பாவுது மாமே. காலி டப்பா எடுத்துகினு போனா ஆஸ்பத்திரி டாக்டரம்மா கத்தும். டீக்கடையில குந்திகினு இருந்தியான்னு கேக்கும்."

"என் புள்ள ரெண்டு பேருக்குப் போவான், வழிச்சிக்கோ" என்று அந்தப் பெண்பிள்ளை சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை உன் தலையில் கட்டமாட்டேன். அது என்னுடையது.

மறுநாள் புதன்கிழமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தாயை மட்டும் உள்ளே விட்டார்கள். டாக்டரம்மா பக்கத்தில் நீ ரிஜிஸ்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாயாம்.

"நேத்து நல்லாப் போயிருக்குன்னு இருக்கே" என்றாராம் டாக்டரம்மா.

"இல்லம்மா, ஞாயித்துக்கெழமலேர்ந்து போவல."

"உங்களுக்கெல்லாம் நாள் கணக்கு எங்க தெரியுது?"

லூர்து உன்னைப் பார்த்தாளாம். நீ சுவரைப் பார்த்தாயாம். ஏதோ மருந்துத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்தவள் அழுதாள். நான் உன்னைத் தனியே இழுத்துக் கேட்டேன்.

"டப்பா விசயத்த சொல்லிட்டியாடா?"

"சொல்லிட்டேன் மாமே. அவங்களுக்குத் தெரியும். நீ பயப்படாத."

எப்படி மச்சான் வாய் வந்தது உனக்கு?

வெள்ளிக்கிழமை பிள்ளை ரத்தமும் சளியுமாக வெளிக்குப் போனாள். குடலுக்குள் குடல் செருகிக்கொண்டது என்று வயிற்றைத் திறந்தார்கள். சனிக்கிழமை அவள் இல்லை. "ரெண்டு நாள் முன்னாடி வந்திருக்கலாம்" என்றார் டாக்டரம்மா. வந்தோமே.

அடக்கம் முடிந்து நீ என்னிடம் ஒப்புக்கொண்டாய். "வேல பூடும்னு பயந்துட்டேன் மாமே." நான் உன்னை அடிக்கவில்லை. லூர்துவிடமும் சொல்லவில்லை. அவளுக்கு இருந்தது ஒரே தம்பி. அதனால் என்ன ஆயிற்று தெரியுமா? "என் கணக்குதான் தப்பா போச்சா?" என்று சாகிற வரைக்கும் கேட்டாள். ஞாயிறா, திங்களா என்று விரலை மடக்கி மடக்கி எண்ணுவாள். நீ கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்துவிட்டுப் போவாய்.

இப்போது ஒரு செய்தி. போன மாதம் அதே ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சின்ன டாக்டர் பெண் வந்தது. குடல் செருகிப்போன பிள்ளைகளுக்கு அதற்கு முந்தின நாட்களில் என்ன நடந்தது என்று பழைய ரிஜிஸ்டரை எல்லாம் திரும்பப் படிக்கிறார்களாம். நம் பிள்ளைக்கு நேராக என்ன இருக்கிறது என்று படித்துக் காட்டச் சொன்னேன். முந்தின நாள் வரை இயல்பாகப் போயிருக்கிறது. தாய் சொல்வது நம்பும்படி இல்லை. இதுதான் இருக்கிறது மச்சான். செத்த பிறகும் உன் அக்கா அந்தத் தாளில் பொய்க்காரியாகக் கிடக்கிறாள். உன் டப்பா உத்தமமாக இருக்கிறது.

நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண் பேனாவை மூடிவிட்டுச் சொன்னது.

"தாத்தா, நீங்க புள்ளயோட அப்பா, உங்க வார்த்த மட்டும் பத்தாது. கூட இருந்து பாத்தவங்க இன்னொருத்தர் வந்து சொன்னா, அந்த வரிய மாத்தச் சொல்லி நான் மேல எழுதுறேன்."

இங்கே ஸ்டெல்லாவின் கை நின்றுவிட்டது. "மாமா, இதையும் எழுதணுமா? அச்சடிச்சு ஊரு பூரா குடுக்கிற தாளு."

"எழுதும்மா. அது உன் அத்த பேரு."

எழுதுகிறாள். அழுகிறாள், ஆனாலும் எழுதுகிறாள். நீ செய்யாததை உன் பிள்ளை செய்கிறாள்.

நீ உயிரோடு இருந்து அந்தப் பெண் வந்து கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா? எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதுதான் உன்மேல் எனக்குள்ள கோபம்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். லூர்துவைப் பற்றிய அந்த வரியை அடிக்கும்வரை உன் கல்லறைக்கு மெழுகுவத்தி கொண்டு வரமாட்டேன். அடித்த அன்றைக்கு வருவேன். வந்து முதலில் திட்டுவேன், பிறகு ஏற்றுவேன்.

லூர்து இல்லை. டாக்டரம்மா இல்லை. நீ இல்லை. அந்தக் கரண்டி இரண்டு டப்பாவுக்கும் போனதைப் பார்த்தவர்களில் என்னை விட்டால் இன்னும் ஒருத்திதான். குமணன்சாவடியில், ஷேர் ஆட்டோ ஓட்டும் மகன் வீட்டில் இருக்கிறாள். முட்டி வலி, நடக்க முடியாது என்கிறார்கள். மகனையே ஆட்டோ எடுக்கச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போவேன். மறந்துபோச்சு என்றால் அவள் வாசலிலேயே உட்கார்ந்து நினைவுபடுத்துவேன்.

எதிர்வீட்டுச் சரோஜா.

இப்படிக்கு,
உன் அக்கா லூர்துவின் புருசன்,
மாணிக்கம்