கைகட்டாத பரீட்சை

மே 12, செவ்வாய்

இப்திஹால் இன்றும் வாய் திறக்கவில்லை. ஆறு எங்கே பிறக்கிறது, எங்கே போகிறது, இவ்வளவுதான் கேட்டேன். பள்ளி வழக்கப்படி கையைக் கட்டிக்கொண்டு எழுந்தாள். உதட்டைக் கடித்தாள். உட்கார்ந்துவிட்டாள். ஜூனில் வாய்மொழிப் பரீட்சை. தேறாவிட்டால் மறுபடி மூன்றாம் வகுப்புதான். எரிச்சலாக வந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

மே 15, வெள்ளி

அவள் அம்மா ஸுபைதா கூஸ்கூஸ், அதான் ஆவியில் வெந்த ரவைச் சோறு, சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். "அடுத்த வருஷம் தங்கச்சி வந்து பக்கத்துல உக்காந்துடுவா டீச்சரம்மா. எம்பொண்ணு தாங்க மாட்டா" என்று அடுக்களையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். இப்திஹால் தன் பக்கத்துக் கூஸ்கூஸை மலையாகக் குவித்து, விரலால் கோடு போட்டு, உச்சியில் குழம்பை ஊற்றினாள். "இது அட்லஸ் மலை. பனி உருகுது. இங்க இன்னொரு ஆறு சேருது..." கடல் வரைக்கும் போய்விட்டாள். கடல், என் பக்கத்துப் பூசணித் துண்டு!

"சோத்துல என்னடி விளையாட்டு?" அம்மாவிடமிருந்து கையில் ஓர் அடி விழுந்தது. கை மடங்கியது. பேச்சும் நின்றது.

யா அல்லாஹ்! கையைக் கட்டு, கையைக் கட்டுன்னு நான்தானே இந்தப் பிள்ளை வாயைக் கட்டிட்டிருக்கேன்?

மே 18, திங்கள்

பரீட்சையில் கை கட்ட வேண்டாம், தட்டில் ரவை தரலாம் என்று தலைமையாசிரியர் சி அல்லாலிடம் கேட்டேன்.

"பரீட்சையா, சமையலா? நாளைக்கு ஒருத்தி ஆட்டுக்குட்டியோட வருவா."

"சரி சார். கையைக் கட்டிக்கிட்டு உங்க வீட்டுக்கு வழி சொல்லுங்க, பாப்போம்."

கட்டினார். "பள்ளிவாசல் தாண்டி..." வலது கை பிய்த்துக்கொண்டு பறந்தது. பிடித்து உள்ளே செருகினார். பாலத்துக்கு வந்ததும் இடது கை. பாவம் மனுஷன், தானே சிரித்துவிட்டார். "வேணுங்கிறவங்களுக்கு மட்டும். ரவை உங்க வீட்டுது."

மே 19

வகுப்பில் விஷயத்தைச் சொன்னேன். படம் வரைந்து சொல்கிறோம் என்று மூன்று பேர். கை கட்டினால்தான் ஞாபகம் வருமாம் நஜாத்துக்கு. கட்டிக்கோ, கண்ணு.

ஜூன் 9, செவ்வாய்

சி அல்லாலே பரீட்சை நடத்தினார். இப்திஹால் ரவையில் ஆற்றை இழுத்துக்கொண்டே வந்தாள். "நம்ம ஊர் எங்க?" என்றார். ஆற்றோரம் விரலை அழுத்தினாள். "இங்க. உங்க வீடு பாலத்துக்கு அந்தப்பக்கம் சார்."

தேறிவிட்டாள். அவர் மேல்கோட்டெல்லாம் ரவை. எனக்கு அழுகை.

ஜூன் 11, வியாழன்

பாடமே நடத்த விடவில்லை இந்தப் பெண். கேள்வி மேல் கேள்வி. கடைசியில் நானே கெஞ்சினேன்: "இப்திஹால், கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கோடி, தாயீ."

சமர்த்தாகக் கட்டிக்கொண்டாள். பேச்சை மட்டும் நிறுத்தவில்லை.