பொங்கலன்று எண்ணப்பட்ட பள்ளி

எந்த இடத்துக்கும் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும் என் மல்லிகா அக்காவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. தமிழ்ச் சங்கத்து மலரில் உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். ஒரே பள்ளியில் இருபத்திரண்டு வருடம் பக்கத்து வகுப்பில் நின்றவள் என்பதால் என்னைக் கேட்டார்கள். புகழ்ந்து எழுதத்தான் உட்கார்ந்தேன், நாலு வரிக்கு மேல் போகவில்லை. ஒருத்தியைத் தவிர யாரிடமும் சொல்லாத ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு புகழ்ச்சி எப்படி வரும்?

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நம் தமிழ்ப் பள்ளி இப்போது இல்லை அக்கா.

கல்வித் துறையின் பட்டியலில் இரண்டு பகுதி உண்டே, நடக்கும் பள்ளிகள், மூடிய பள்ளிகள் என்று. நம்முடையது இப்போது இரண்டாவதில் இருக்கிறது. கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தேர்தல் சாமான்களை அடுக்கியிருக்கிறார்கள், மேல்தளம் பூட்டிக் கிடக்கிறது. ஜூனில் என்னை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள மராத்தி வழிப் பள்ளிக்கு மாற்றினார்கள். நம் பிள்ளைகளையும் அங்கேதான் சேர்த்தார்கள், காகிதத்தில்.

பிள்ளைகள் குறைந்தால் பள்ளியை இன்னொன்றோடு இணைத்துவிடுவார்கள் என்ற பயம் நீங்கள் இருந்தபோதே இருந்ததுதான். ஆனால் நீங்கள் விட்டுப்போனபோது முப்பத்தோரு பேர் இருந்தார்கள். ஒரு பொய்ப் பெயர் கிடையாது. மே மாத வெயிலில் நாம் இரண்டு பேரும் நம் தமிழர்களின் பஸ்தியில் குடிசை குடிசையாக ஏறி இறங்கிச் சேர்த்த பிள்ளைகள். அந்த முப்பத்தோரு பேரும் வந்து உட்கார்ந்திருந்தால் பள்ளி தப்பித்திருக்கும்.

மகாராஷ்டிரத்தில் பொங்கலுக்கு விடுமுறை இல்லை. நம் பள்ளிக்கு மட்டும் நீங்கள் ஒரு வழி வைத்திருந்தீர்கள். பொங்கலன்று மூடிவிட்டு, பதிலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நடத்துவோம். அதற்கு டிசம்பரிலேயே மராத்தியில் கடிதம் எழுதி, அலுவலகத்தில் கொடுத்து, முத்திரை வாங்கி வைப்பீர்களாம். இது எனக்கு இப்போதுதான் தெரியும். அத்தனை வருடமும் லீவு தானாக வருகிறது என்று நினைத்துக் கரும்பு கடித்துக்கொண்டிருந்தேன்.

உங்களுக்குப் பிறகு பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஜனவரியில் தலைமையாசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் நாலு பக்கச் சுற்றறிக்கை ஒன்று வந்தது. நான் மராத்தி பேசுவேன், காய்கறிக்காரரிடம் சண்டைகூடப் போடுவேன். சர்க்கார் மராத்தியை நாலு பக்கம் படிப்பது வேறு சங்கதி. எப்போதும் நீங்கள்தானே படிப்பீர்கள்? கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “அரே செல்வி, இதுல நமக்கு ஒண்ணும் இல்ல, சோடு” என்பீர்கள், நானும் விட்டுவிடுவேன். அன்றைக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை. மற்ற தலைமையாசிரியர்கள் வரிசையாகக் கட்டைவிரல் போட்டிருந்தார்கள். நானும் ஒரு கட்டைவிரல் போட்டுவிட்டு அரிசி வாங்கப் போனேன்.

எல்லாப் பள்ளிகளிலும் ஒரே நாளில் பிள்ளைகளை எண்ணப்போகிறோம், அன்று விடுமுறை விடுவதாக இருந்தால் மூன்று நாளுக்கு முன் எழுதித் தெரிவியுங்கள். இரண்டாம் பக்கத்தில் இருந்தது இதுதான். தேதியும் இருந்தது. நம் பொங்கல் நாள்.

அடுப்பில் பால் பொங்கும் நேரத்தில், எண்ண வந்த அதிகாரி போன் செய்தார். பள்ளி வாசலில் நிற்பதாகவும், பூட்டியிருப்பதாகவும் சொன்னார். கட்டியிருந்த பட்டுப்புடவையோடு ஓடினேன். ஒரு மணி நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன், பொறுத்தார். பஸ்தியில் பாதி வீடு பூட்டு. கோயிலுக்குப் போனவர்கள் பாதி, தேஹு ரோட்டில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனவர்கள் பாதி. ஏழு பேரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். நாலாம் வகுப்புப் புவனா ஈரத்தலையோடு வந்தாள்.

நல்ல மனிதர்தான் அக்கா அவர். அவர்களுக்கும் அன்று சங்கராந்தி அல்லவா, பையிலிருந்து எள்ளுருண்டை எடுத்து ஏழு பேருக்கும் கொடுத்தார். வந்த தலையைத்தான் எழுத முடியும் மேடம் என்று வருத்தப்பட்டார். பிறகு ஏழு என்று எழுதினார்.

சாயங்காலம் பெற்றோர்கள் கூடிவிட்டார்கள். நாம் இருக்க மாட்டோம் என்று தெரிந்தேதான் பொங்கலன்று வந்திருக்கிறான் என்று ஒருவர் சொன்னார். நான் மறுக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, கேட்டவர்களிடமெல்லாம் நானே அதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மை போல ஆகிவிட்டது. வெட்கமாக இருக்கிறது, எழுதுகிறேன்.

இப்போது ஒரு மனு தயாராகியிருக்கிறது. அதிகாரி முன்கூட்டித் தெரிவிக்கவே இல்லை, வேண்டுமென்றே செய்தார், அவர் மீது நடவடிக்கை எடுத்துப் பள்ளியைத் திறக்க வேண்டும் என்று. பெற்றோர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று. அன்று பொறுப்பில் இருந்த என் கையெழுத்துதான் பாக்கி. அது இருந்தால் மனு நிற்கும், திறந்தாலும் திறப்பார்கள் என்கிறார்கள். மூன்று வாரமாக என் பையில் கிடக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை புவனாவின் அம்மா லட்சுமியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவள் காலை ஆறு மணிக்கே ஹிஞ்சேவாடியில் ஒரு கம்பெனிக்குத் துப்புரவு வேலைக்கு வண்டி ஏறுகிறவள். பெண்ணைத் தனியாக நெடுஞ்சாலை தாண்ட விடப் பயம். புவனா புதுப் பள்ளிக்கு இரண்டு வாரம் வந்தாள், அப்புறம் நின்றுவிட்டாள். அடுத்த மாதம் சித்தியோடு நிக்டி ஃபிளாட்டுகளுக்குப் பாத்திரம் கழுவப் போகிறாளாம்.

லட்சுமி என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவள் சொன்னது இதுதான்:

“எங்கிட்ட சொன்னதோட வுட்டுடுங்க டீச்சர். கையெழுத்து போட்டுடுங்க. ஸ்கூல் தொறந்தா எம் பொண்ணு போவும்.”

“அந்த மனுசன் வேல போயிரும்லா லட்சுமி? அவர் ஒரு தப்பும் செய்யலயே.”

“போவட்டும். அவருக்கு வேற ஒண்ணு கெடைக்கும். இவளுக்கு என்னா கெடைக்கும், சொல்லுங்க.”

புவனா அங்கேயே அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. லட்சுமி எனக்கு டீ கொடுத்தாள், குடித்துவிட்டு வந்தேன்.

நீங்களாக இருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள் அக்கா? நீங்கள் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது என்பது தெரியும். எத்தனையோ நாள் உங்கள் மீதுகூடக் கோபம் வந்திருக்கிறது, எனக்கு எதையும் சொல்லித்தராமல் எல்லாவற்றையும் நீங்களே செய்தீர்களே என்று. பிறகு நினைத்துப் பார்த்தால், நான் எப்போது கேட்டேன்?

மனுவில் நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. இந்த மலரைப் பஸ்தியிலும் படிப்பார்கள், சங்கத்திலும் படிப்பார்கள். தெரிந்துதான் எழுதுகிறேன். லட்சுமி சொல்ல வேண்டாம் என்றதை ஊருக்கே சொல்லிவிட்டேன். பள்ளியை இரண்டாவது முறையும் நானே மூடினேன் என்று அவள் சொன்னால் அதையும் கேட்டுக்கொள்வேன்.

மூன்று நாளாக ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன், மராத்தியில், அடித்து அடித்து. பிழை என்னுடையது, அதிகாரி மீது குற்றமில்லை, என்ன தண்டனையானாலும் எனக்குக் கொடுங்கள், பிள்ளைகளை மட்டும் இன்னொரு நாள் எண்ணுங்கள். அவ்வளவுதான் அதில் இருப்பது. ஓய்வுபெற எனக்கு இரண்டு வருடம் இருக்கிறது, பென்ஷனுக்கு என்ன ஆகுமோ தெரியாது. எண்ண வந்தாலும் யார் இருக்கிறார்கள்? சிலர் ஊருக்குப் போய்விட்டார்கள், சிலரைக் கடன் வாங்கி இங்கிலீஷ் பள்ளியில் போட்டுவிட்டார்கள். என்னோடு வந்தவர்களில் நாலு பேர் கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை அந்தக் கடிதத்தை என் கையால் கொடுக்கிறேன் அக்கா. கொடுத்துவிட்டு நேராக லட்சுமி வீட்டுக்குப் போவேன். தினமும் காலையில் நான் வந்து புவனாவை ரோடு தாண்டி அழைத்துப் போகிறேன், சாயங்காலம் கொண்டுவந்து விடுகிறேன் என்று கேட்பேன். இதை ஜூன் மாதமே கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டிருக்கலாம். அந்த வாசலில் நிற்க முகமில்லாமல் நாலு மாதம் வேறு தெரு வழியாகச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன். அந்த நாலு மாதத்தில்தான் அவள் படிப்பு நின்றது.

அனுப்பமாட்டேன் என்று லட்சுமி கதவைச் சாத்தலாம். மறுநாளும் போவேன். அவள் அனுப்புகிறவரை போவேன், இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்களை அக்கா என்று கூப்பிட்டே வேலையைத் தட்டிக்கழித்த தங்கை,
செல்வி