உன் அப்பாவும் தூக்குப் பாலமும்

அன்புக் குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இங்கே எழுந்து நடமாடிக்கொண்டு ஏதோ இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, ரொம்பச் சண்டை போடாமல் இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். வாராவாரம் போனில் பேசுகிறவள் இப்போது எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொல்ல முடியாத விஷயம், அதனால்தான். போன ஞாயிற்றுக்கிழமை கேட்டாயே, "அப்பாவுக்கு எம்மேல இன்னும் கோவம் போகலையாம்மா, என்னோட பேசப் பிடிக்கலேன்னா சொல்லிடு, இனிமே அவரக் கூப்பிடுன்னு கேக்கவே மாட்டேன்" என்று, நான் பதில் சொல்லாமல் இங்கே குளிர் அதிகம் என்று பேச்சை மாற்றிவிட்டேன். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ ரோஷக்காரி, கேட்க மாட்டேன் என்றால் கேட்க மாட்டாய், அப்படி ஆகிவிடக் கூடாது. அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் அப்பாவுக்கு உன் மேல் கோபம் ஒன்றும் இல்லை. அவருக்குக் காது கேட்கவில்லை.

பதறாதே, நேற்று இன்று வந்ததில்லை. நீ வேலைக்குக் கிளம்புகிற காலத்திலேயே பாதி போயிருந்தது, நாங்கள்தான் வெளியே சொல்லவில்லை. அவ்வளவு தூரம் போகாதே என்று அவர் சொல்லி நீ கேட்காமல் போனதில் அன்றைக்கு வருத்தம் இருந்தது வாஸ்தவம், இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பஸ் ஜன்னலில் இருந்து அப்பா அப்பா என்று கூப்பிட்டும் திரும்பிப் பார்க்காமல் நின்றார் என்று இன்றுவரை மனதில் வைத்திருக்கிறாயே, அது அப்படி இல்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ளத்தான் அந்தப் பக்கம் திரும்பினார், நீ கூப்பிட்டது கேட்கவில்லை, துடைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பஸ் இல்லை. காதுக்கு மெஷின் வாங்கி மாட்டிப் பார்த்தோம், தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல் இருக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார். டாக்டரும் நரம்பே போய்விட்டது, மெஷினைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை என்றார். இப்போதெல்லாம் எதிரே இருப்பவர் வாயைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிக்கிறார். அதில் அப்படி ஒரு தேர்ச்சி. நான் போனில் பேசும்போது எதிர் நாற்காலியில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார், ஒரு வார்த்தை தப்பாது, அப்புறம் உன்னிடம் நான் எதைச் சொல்வது? உன் அத்தை பல் செட் கட்டிக்கொண்டதில் இருந்து அவள் பேச்சு மட்டும் புரியவில்லையாம், அதுவே பெரிய நிம்மதி என்று என்னிடம் சொல்லிச் சிரிக்கிறார்.

இதை நான் வீட்டில் எழுதவில்லை. அங்கே பேனாவை எடுத்தாலே யாருக்கு என்பார். பாலத்துக்கு எதிரே நம் சலூன்காரர் கடையில், ஆட்கள் காத்திருக்கிற பெஞ்சில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், முடி விழுந்தால் ஊதிவிட்டுப் படி. சாயங்காலம் ஆகிவிட்டது. இந்தப் பருவத்தில் இங்கே பொழுது எப்படிச் சட்டென்று அடங்கும் என்று உனக்குத் தெரியும். கரை விளக்கெல்லாம் போட்டுவிட்டார்கள், பனியில் ஒவ்வொன்றும் வெறும் மஞ்சளாகத் தெரிகிறதே தவிர வெளிச்சம் கீழே விழவில்லை. படகைக் கட்டிவிட்டு வருகிறவர்கள் கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒருவரோடு ஒருவர் பேசாமல் போகிறார்கள். ஐஸ் கிடங்குக்காரன் கதவை இழுத்துப் பூட்டுகிறான், இந்தக் குளிரில் அதை யார் திருடப் போகிறார்கள் என்று சலூன்காரர் கேட்கிறார். பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேலை விட்டு வருகிற கூட்டம், கேட் இறங்குவதற்கு முன்னால் தாண்டிவிட வேண்டும் என்று அதே முண்டியடிப்பு. தண்ணீர் இருக்கிற இடமே தெரியவில்லை, சத்தத்தை வைத்துத்தான் அங்கே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். முன்பெல்லாம் இதைப் பார்க்க அழகாக இருக்கும் எனக்கு. இப்போது அலுப்பாக இருக்கிறது, பனி இறங்கினாலே முதுகில் யாரோ மூட்டையை ஏற்றின மாதிரி ஆகிவிடுகிறது.

ஏன் என்று சொல்கிறேன். வெயில் காலத்தில் அப்பாவுக்குக் கண்ணே போதும், தூரத்தில் படகு வரும்போதே பார்த்துப் பாலத்தைத் தூக்கிவிடுவார். குளிர்காலப் பனியில் படகு தெரியாது, ஹாரன் அடிப்பதைக் கேட்டுத்தான் தூக்க வேண்டும். அதனால் சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் நான் தினமும் சாயங்காலம் பாலத்து அறைக்குப் போய் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன். ஹாரன் கேட்டதும் அவர் தோளைத் தட்டுவேன், அவர் மணியை அடித்து, கேட்டை இறக்கி, கைப்பிடியைத் திருப்புவார். பார்க்கிறவர்கள் இந்த வயதில் புதுக் கல்யாண ஜோடி என்று கேலி செய்வார்கள், நானும் வெட்கப்படுகிற மாதிரி சிரித்து வைப்பேன். பகலெல்லாம் வீட்டு வேலை, சாயங்காலம் அந்தக் குளிரில் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவது, என் உடம்பு என்ன இரும்பா? அறையில் சின்ன ஹீட்டர் ஒன்று உண்டு, அதன் பக்கத்தில் காலை நீட்டினால் கண் சொக்கும். சொக்கினால் உடனே விழித்துவிடுகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லையாம். நான் பாட்டுக்குக் குறட்டை விட்டுத் தூங்கியிருக்கிறேன், ஹாரன் அடித்தும் பாலம் தூங்குவதைப் பார்த்து சலூன்காரர் தன் கடை விளக்கை அணைத்து அணைத்துப் போட்டிருக்கிறார், அப்பா அதைப் பார்த்துப் பாலத்தைத் தூக்கியிருக்கிறார். அவர்களுக்குள் பேச்சு வார்த்தை ஒன்றும் கிடையாது, தானாக வந்த பழக்கம். என்னை எழுப்பியிருக்கலாம் உன் அப்பா, எழுப்பவே இல்லை.

இது எனக்குத் தெரிய வந்ததுதான் பெரிய கூத்து. கொஞ்ச நாள் முன்னால் ஒரு சாயங்காலம் நல்ல பனி, நான் தூங்கிவிட்டேன், ஹாரன் கேட்டு சலூன்காரர் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார், அப்பா கேட்டை இறக்கிப் பாலத்தைக் கிளப்பினார். நம் முட்டைக்காரர் இருக்கிறாரே, கேட் இறங்கினால் அது மற்றவர்களுக்குத்தான் என்று நினைக்கிற மனுஷர், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குனிந்து உள்ளே நுழைந்துவிட்டார். முன் சக்கரம் பாலத்தின் மேல், பின் சக்கரம் ரோட்டில், பாலம் எழும்புகிறது. கூட்டம் மொத்தமும் நிறுத்து நிறுத்து என்று கத்தியிருக்கிறது, யாருக்குக் கேட்கும்? சலூன்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் ஓடிப்போய் மறுபடி விளக்கை அணைத்து அணைத்துப் போட்டிருக்கிறார். நிறுத்தச் சொல்லித்தான் போட்டார், ஆனால் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்த விளக்குக்குத் தூக்கு என்று ஒரே அர்த்தம்தானே. படகுக்காரன் அவசரப்படுகிறான் போல என்று அப்பா, விளக்கை விட்டுக் கண்ணை எடுக்காமல், இன்னும் வேகமாகத் தூக்கினார். கத்தல் கேட்டு நான் விழித்து ஜன்னலைப் பார்த்தபோது முட்டைக்காரர் பாலத்துக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மேலே போய்க்கொண்டிருக்கிறார், சைக்கிள் சரிந்து ரோட்டில் கிடக்கிறது. நான் அப்பா கையின் மேலேயே விழுந்துவிட்டேன். பாலம் நின்றது. ஆளுக்குக் கீறல் கூட இல்லை, முட்டை ஒன்று மிஞ்சவில்லை, இறங்கி வந்ததும் அவர் போட்ட சத்தத்தை மட்டும் அப்பா வாயைப் பார்த்தே படித்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் சலூன்காரர் என்னிடம் வந்து கையைப் பிசைந்தார். "அக்கா, எனக்கு எப்பவோ தெரியும். முடி வெட்டும்போது கண்ணாடியில என் வாயப் பாத்துத்தான் பேசுவாரு, பின்கழுத்துக்குக் குனிய வெச்சா பேச்சு நின்னு போயிடும். நான் மட்டும் இல்ல, கரையில எல்லாருக்கும் தெரியும், உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு யாரும் பேசல" என்றார். நாங்கள் பொத்திப் பொத்தி வைத்ததை ஊரே எங்களுக்காகப் பொத்தி வைத்திருக்கிறது. எனக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை, அலுப்பில் இரண்டும் வரவில்லை. மறுநாள் காலையில் அப்பா தானே துறை அதிகாரியைப் போய்ப் பார்த்து, இனிமேல் பாலத்தை நான் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தார். இப்போது பகலில் சங்கிலிக்கும் சக்கரத்துக்கும் கிரீஸ் போடுகிற வேலை. சாயங்காலம் வீட்டில் இருக்கிறார். எனக்கு ஓய்வு கிடைத்தது என்று பெயர், ஆனால் அவர் ஜன்னலிடம் நின்றுகொண்டு பாலம் ஏறி இறங்குவதைப் பார்க்கிற முதுகை என்னால் பார்க்க முடியவில்லை குட்டிம்மா.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு உன்னோடு பேசிவிட்டு நான் போனை வைத்ததும் அப்பா கேட்டார், "நீ போன எடுத்ததும் இருக்காரு, இருக்காருன்னு சொல்றியே, அது அவ கேட்டு நீ சொல்றதா, இல்ல நீயா சொல்லிக்கிறதா?" என்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாளும் அவருக்குத் தெரிந்தது என் பதில்கள் மட்டும்தான், உன் கேள்வி ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. "அவ கேட்டுத்தான் சொல்றேன், நான் எப்படி இருக்கேன்னு கேக்கறதுக்கு முன்னாடி அப்பா இருக்காரான்னுதான் கேப்பா" என்றேன். "எப்பவுமா?" என்றார். எப்போதும் என்றேன். "நான் என்னவோ, கோவத்துல அவ என்னப் பத்தி வாயே திறக்கறதில்ல, நீதான் சமாதானத்துக்கு என் பேச்ச இழுக்கறேன்னு நினைச்சுட்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டார். நீ அங்கே ஒன்று நினைத்திருக்கிறாய், இவர் இங்கே அதையே நினைத்திருக்கிறார், நடுவில் நான் ஒருத்தி இரண்டு பேருக்கும் தூது என்று பெருமையாக உட்கார்ந்திருக்கிறேன். மறுநாள் காலையில் சட்டை போட்டுக்கொண்டே, அடுத்த தடவை நான் பேசுகிறேன் என்றார். உங்களுக்குத்தான் கேட்காதே என்றேன். "எனக்குக் கேக்காட்டி என்ன, நான் பேசறது அவளுக்குக் கேக்கும்ல" என்றார். காது போன விஷயத்தை மட்டும் உனக்குச் சொல்லக் கூடாதாம், வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்துவிடுவாயாம். சரி என்று தலையை ஆட்டிவிட்டு இங்கே வந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இந்த ஞாயிறு உனக்கு வேலை இருக்கிறதாம் என்று அவரிடம் பொய் சொல்லித் தள்ளிப் போட்டிருக்கிறேன், கடிதம் அதற்குள் வந்துவிட்டாலும் உன் மனது ஆற ஒரு வாரம் வேண்டும், அதனால் கூப்பிடாதே, அதற்கடுத்த ஞாயிறு கூப்பிடு. கடிதம் கிடைத்ததா என்று நீயே சொல், நான் ம் என்று மட்டும் சொல்வேன், அந்த ஒன்றைத்தான் அவரால் என் வாயில் படிக்க முடியாது. வேலை வேலை என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டிவிட்டு வெளியே போ. மாப்பிள்ளையை நான் கேட்டதாகச் சொல். நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல், நீண்ட நாள், ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும், அம்மாவுக்கு வேறு ஆசை இல்லை.

கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. அப்பா பேசும்போது சத்தமாகப் பேசுவார், தன் குரல் தனக்கே கேட்காததால் அப்படி, திட்டுகிறார் என்று நினைத்துவிடாதே. நடுவில் எதுவும் கேட்காதே, கேட்டால் அவர் பாட்டுக்கு வேறு ஏதோ சொல்லிக்கொண்டு போவார், உனக்குத் தாங்காது. அவர் சொல்லி முடித்து நான் போனை வாங்குகிறவரைக்கும் வைத்துவிடாதே. அழுகை வந்தால் அடக்க வேண்டாம், நன்றாக அழு கண்ணு, அவருக்குக் கேட்காது.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா