நாலு பேருக்கான டென்ட்

என் ஸ்டெல்லாவுக்கு,

நீ இருக்கும் இடத்தில் குளிர் எப்படி? கொட்டகலையில் வழக்கம்போலத்தான். மத்தியானம் தாண்டினால் பனி இறங்கிவிடுகிறது, கொடியில் போட்ட துணி காய்வேனா என்கிறது. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது துணியைப் பற்றி இல்லை. நாம் போவதாக இருந்த நடைக்கு ஒரு வழியாக நாள் குறித்துவிட்டோம்.

ஆசிரியர் அறையில் டீயை ஆறவிட்டுவிட்டு நீ போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. "நம்ம ஆளுங்க பொறந்ததுல இருந்து இந்த மலைய ஏறுறாங்க, இறங்குறாங்க. ஒரு நாளாச்சும் உச்சியில படுத்து எந்திரிச்சிருக்காங்களா? வெளிநாட்டுக்காரங்கதான் வந்து படுத்துட்டு, படமும் எடுத்துட்டுப் போறாங்க!" அடுத்த வருடம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றாய். அடுத்த வருடம் வந்தது, நீ இல்லை. அதற்காக உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. சொல்லாமல் வைத்துக்கொள்ள மாட்டேன்.

அனிட்டா எங்களோடுதான் இருக்கிறாள். உன் வீட்டுக்காரர் கட்டாரிலிருந்து ஞாயிறுதோறும் அவளோடு பேசுகிறார். மாதா கோயில் பூசைக்கு நான்தான் கூட்டிப் போகிறேன். முருகனைக் கும்பிடுகிற எனக்கு இப்போது உங்கள் கோயில் பாட்டில் பாதி பாடமாகிவிட்டது. உன் மகள் நன்றாகப் படிக்கிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள். ஆனால் தட்டைக் கீழே வைக்குமுன் கழுவி வைத்துவிடுகிறாள். பதின்மூன்று வயதுப் பிள்ளை அப்படி இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

சரி, டென்ட் கதைக்கு வருகிறேன். மாப்பிள்ளை பார்ப்பதைவிட டென்ட் பார்ப்பது கஷ்டம், ஸ்டெல்லா. பொகவந்தலாவைப் பக்கம் ஏறி, தோட்டத்து மனேஜர் அனுமதி தந்த இடத்தில் இரண்டு இரவு தங்கி, மறுபக்கம் இறங்க வேண்டும். எல்லாவற்றையும் நாமேதான் சுமக்க வேண்டும். தரையில்லாத வெறும் கூரைத் துணிதான் ஆகப் பாரம் குறைந்தது என்றார்கள். காலில் ஏறி இரத்தம் குடிக்கும் நம் ஊர் அட்டைகளைப் பற்றித் தெரியாதவர்கள் சொன்ன பேச்சு அது. தரை தைத்திருக்க வேண்டும், வாசலில் வலை இருக்க வேண்டும், இந்த இரண்டையும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. மலிவான டென்ட்களைத் தூக்கிப் பார்த்தேன், அம்மிக்கல் தோற்றது. கடைசியில், கம்பிக்குப் பதிலாகக் கைத்தடியை நட்டு நிறுத்தும் ஒன்று மனதுக்குப் பிடித்தது. மூன்று பேருக்கு ஒரு அளவு, நாலு பேருக்கு ஒரு அளவு. பெரியது முக்கால் கிலோ கூட.

முக்கால் கிலோவை வீணாக எதற்குச் சுமப்பது என்று நினைத்தேன். தோட்டத்து லயத்து வரிசை வீட்டில், ஒரு காம்பரா அறைக்குள் எட்டுப் பேர் படுத்து எழுந்த பிள்ளை நான். மூன்று பேர் டென்டில் நாலு பேர் படுப்பது எனக்கு ஒரு விஷயமா? என் வீட்டுக்காரரும் அதே லயம்தான், அவரும் தலையாட்டினார். ஹட்டன் கடையில் சின்னதை வாடகைக்கு எடுத்துவந்து வீட்டுக்குப் பின்னால் அடித்தோம்.

கூரைக்குக் கீழே காற்றுப் போக இரண்டு வாய் வைத்துத் தைத்திருந்தார்கள். பொந்தைக் கண்டால் லயத்துக்காரியின் கை சும்மா இருக்குமா? பனி உள்ளே வந்துவிடும் என்று ஒன்றில் துவாயை, ஒன்றில் சாக்கை வைத்து இறுக்கி அடைத்தேன். என் மகன் கவினை நடுவில் போட்டு நாலு பேரும் நெருக்கிப் படுத்தோம். கதகதவென்று இருந்தது, என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு தூங்கினேன்.

காலையில் டென்டுக்குள் மழை. நாலு பேர் விட்ட மூச்செல்லாம் போக வழியில்லாமல் துணியில் தண்ணீராகக் கோத்துச் சொட்டிக்கொண்டிருந்தது. கவின் கைதட்டிச் சிரித்தான், நானும் சிரித்தேன். அப்புறம்தான் அனிட்டாவைப் பார்த்தேன். துணிச்சுவரோடு ஒட்டிப் படுத்திருந்தவள் தோளிலிருந்து முழங்கால் வரை ஒரு பக்கம் முழுக்க நனைந்திருந்தாள்.

"ஏன்டி, எழுப்பியிருக்கலாம்ல?"

"கவின் தூங்கிட்டான் டீச்சர். நான் அசைஞ்சா முழிச்சிருவான்."

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுப்பதுதானே என் வீட்டுக்காரரின் வேலை? ஈர டென்டைச் சுருட்டிக்கொண்டு, தராசில் போட்டுப் பார்க்கிறேன் என்று கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போய்விட்டார். நான் அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தேன். அனிட்டா நிலைப்படியில் வந்து நின்றாள்.

"டீச்சர், நான் வரல. நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. நான் பக்கத்து வீட்டுப் பெரியம்மாகிட்ட இருந்துக்கிறேன்."

"ஏன், காய்ச்சலா?"

"இல்ல. டென்ட் பையில மூணு பேருக்குன்னுதானே போட்டிருக்கு. பெருசு பாரம்னு நீங்களும் அங்கிளும் பேசுனீங்க."

கையில் மாவோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நெருக்கிப் படுப்பது எனக்குப் பாசம், ஸ்டெல்லா. உன் பிள்ளைக்கோ அது தனக்கென்று வாங்காத இடம். நீங்கள் டவுன் வீட்டில் இருந்தவர்கள். எங்கள் நெருக்கம் அவளுக்கு எப்படிப் புரியும்? என் வீட்டிலும் இத்தனை நாள் அவள் இப்படித்தான் ஓரத்தில் படுத்திருந்தாளா? நீ இருந்திருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருக்க மாட்டாயா?

அந்த நேரம் பார்த்து இவர் உள்ளே வந்தார். "ஏய் கலா, ஈரத்தோட இந்தச் சின்ன டென்ட், காய்ஞ்ச பெரிய டென்ட் எடைக்கு நிக்குது! மழ நாள்ல கொழுந்துக்குத் தண்ணி கழிக்கிறோம். டென்டுக்கு யாரு கழிக்கிறது?"

"கழிக்க வேணாம்," என்றேன். "பெருசையே வாங்குவோம். அனிட்டா நடுவுல படுப்பா."

"பாரம் கூடுமே அங்கிள்," என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு.

இவர் விஷயம் தெரியாமல் ஒரு முறை என்னைப் பார்த்தார், ஒரு முறை அவளைப் பார்த்தார். நல்ல மனுஷன், கேள்வி கேட்கவில்லை. "கூடட்டுமே புள்ள. நம்ம சனம் தூக்காத பாரமா? ஒனக்குன்னா நான் இன்னொரு மலையும் சேத்து ஏறுவேன்."

உன் மகள் அழுதாள். நீ போன பிறகு அவள் என் முன்னால் அழுதது அதுதான் முதல் தடவை. நானும் அழுதேன், ரொட்டி கருகியது. கருகிய ரொட்டியைக் கட்டைச் சம்பலோடு நாலு பேரும் தின்று தீர்த்தோம்.

சனிக்கிழமை பஸ் ஏறி எல்லோருமாக ஹட்டனுக்குப் போனோம். கடைக்காரர் சின்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "இது சரிவரலயா மேடம்? மொத்தம் எத்தன பேரு?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அனிட்டா முன்னால் வந்து நின்றாள்.

"நாங்க நாலு பேரு அண்ணே."

அவள் அதைச் சொன்ன விதத்தை உனக்கு எப்படி எழுதுவேன்? கடைக்காரருக்கு அது ஒரு கணக்கு. எனக்குக் காது குளிர்ந்துபோயிற்று.

பள்ளி விடுமுறையில் கிளம்புகிறோம். பனி உள்ளே வந்தால் வரட்டும், இந்தத் தடவை எந்த வாயையும் அடைக்க மாட்டேன். உன் வீட்டுக்காரர் நாளைக்குத் திரும்பி வந்து, மகளைக் கூட்டிப் போகிறேன் என்றால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. அதுவரைக்கும், அதற்குப் பிறகும், உன் பிள்ளை எந்த வீட்டிலும் ஓரத்தில் படுக்க நான் விடமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

இப்படிக்கு,
உன் மகளின் சின்னம்மா,
கலா