மலருக்காக ஒரு பழைய பிரிட்ஜ்

6-5-84, ஞாயிறு

காலையிலேயே வெயில். கொடியில் போட்ட துணி காய்ந்து மொடமொடப்பு. பள்ளிக்கூடம் லீவு என்பதால் ஒட்டடை அடித்தேன், பாதிதான். ரேஷனில் மண்ணெண்ணெய் வரவில்லை.

மலருக்குச் சிறுநீர் சோதனை: மஞ்சள். நேற்றும் மஞ்சள். நீலமாக இருந்தால்தான் சர்க்கரை இல்லை என்று அர்த்தம். ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தினம் இரண்டு வேளை ஊசி. ஒரு வேளைகூடத் தவறவில்லை, ஆனாலும் மஞ்சள். இன்சுலின் புட்டியை மண்பானையில் ஈரமணலுக்குள்தான் வைத்திருக்கிறேன். இந்த வெயிலுக்கு அந்த ஈரம் எந்த மூலைக்கு? டாக்டர் போன மாதமே கேட்டார், "வீட்ல பிரிட்ஜ் இருக்கா டீச்சர்?" இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

இவர் பேப்பரில் ஒரு விளம்பரம் காட்டினார். பாண்டியில் ஒருவர் வெளிநாடு போகிறாராம், பழைய பிரிட்ஜ் விற்கிறாராம். உடனே கடிதம் எழுதினார். என்ன நிறம் என்றும் கேட்டு எழுதச் சொன்னாள் மலர். அவளுக்கு வெள்ளை வேண்டும்.

10-5, வியாழன்

பாண்டிக்காரர் பதில் போட்டுவிட்டார். "மதிப்பிற்குரிய ஐயா" என்று ஆரம்பம். அழகான கையெழுத்து. வெள்ளை நிறமேதான். முழுப் பணத்தையும் தபாலில் எம்.ஓ. அனுப்பினால் லாரியில் ஏற்றிவிடுவாராம்.

எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் வந்திருந்தபோது சொன்னேன். "எம்.ஓ. போனா போனதுதான் வசந்தா. லாரி ஆபீஸ்ல பொருள ஏத்தின ரசீத பேங்குக்கு அனுப்பச் சொல்லு. பேங்க்ல பணத்தக் கட்டி ரசீத வாங்கி, லாரி ஆபீஸ்ல காட்டி பொருள எடுத்துக்க. யாருக்கும் நஷ்டமில்ல" என்றார். இவரிடம் சொன்னேன். முகம் சுளித்தார், ஆனால் அப்படியே எழுதிப் போட்டார்.

குழம்பில் உப்பு அதிகம்.

14-5, திங்கள்

பதில் வந்தது. நம்பிக்கை இல்லாதவர்களோடு தனக்கு வியாபாரம் வேண்டாம், வேறு ஆள் காத்திருக்கிறார் என்று. "பாத்தியா, கெடுத்துட்ட" என்றார் இவர்.

மலருக்குச் சோதனையில் ஆரஞ்சு நிறம். தண்ணீர் தண்ணீர் என்கிறாள்.

17-5, வியாழன்

காரைக்கால் ஆஸ்பத்திரியில் எழுதுகிறேன். நேற்று காலை மலர் வாந்தி எடுத்தாள், மயங்கிவிட்டாள். மூச்சில் ஒரு வாடை. சோதனைக் குழாயில் செங்கல் நிறம். இவர் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். டாக்டர் புட்டியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். "மருந்து செத்துப்போச்சுங்க. தண்ணியத்தான் குத்திக்கிட்டு இருந்திருக்கீங்க." நர்ஸ் என்னைப் பார்க்கவே இல்லை.

இப்போது கண் திறந்து பேசுகிறாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ ஓயாமல் இருமல்.

இவர் மத்தியானம் வெளியே போய்விட்டு வந்து மலரின் காலடியில் உட்கார்ந்தார். "அனுப்பிட்டேன்" என்றார். நெல் விற்ற பணம் முழுதும், பாண்டிக்கு எம்.ஓ. அந்த நேரத்தில் எனக்கும் சரியென்றே பட்டது.

23-5, புதன்

வீட்டுக்கு வந்தாயிற்று. புதுப் புட்டி காரைக்கால் மருந்துக்கடைக் குளிர்பெட்டியில் இருக்கிறது. இவர் தினம் போய் அன்றைக்கு உள்ளதை மட்டும் ஊசியில் ஏற்றிக்கொண்டு வருகிறார், ஈரத்துணி சுற்றி. கடைக்கார ராஜாராம் சார் ஒன்றும் வாங்கிக்கொள்வதில்லை.

லாரி வரவில்லை.

27-5, ஞாயிறு

கடிதமும் இல்லை. தெருவில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் இவர் வாசலுக்குப் போகிறார். கூடத்து மூலையை மலர் பெருக்கி வைத்திருக்கிறாள், பிரிட்ஜ் வைக்க.

29-5, செவ்வாய்

மலரை ஹெட்மிஸ்ட்ரஸ் வீட்டில் விட்டுவிட்டு இருவரும் பாண்டி. பஸ் பூவம் எல்லையைத் தாண்டும்வரை இவர் பேசிக்கொண்டே வந்தார், லாரிக்காரர்கள் தாமதம் செய்வார்கள் என்று. அப்புறம் சட்டைப் பையிலிருந்த எம்.ஓ. ரசீதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

வீடு கிடைத்தது. பெரிய வீடு, பச்சை கேட். எங்களுக்கு முன்னால் அங்கே இரண்டு பேர். ஒருவர் விழுப்புரத்தில் சோடாக்கடை வைத்திருப்பவர், தோளில் துண்டு. இன்னொருவர் கடலூர் வாத்தியார். மூன்று பேர் சட்டைப் பையிலிருந்தும் எம்.ஓ. ரசீது வெளியே வந்தது.

சோடாக்கடைக்காரர் கேட்டார்: "உங்களுக்கு என்ன கலர்னு எழுதினான்?"

"வெள்ளை" என்றார் இவர்.

"எனக்குப் பச்சைங்க. பச்சை இருந்தா நல்லாருக்கும்னு நான்தான் எழுதிருந்தேன்."

வீட்டுக்கார அம்மாள் கதவைப் பாதி திறந்து நின்றார். "மாடியில குடியிருந்தான். போன வாரம் காலி பண்ணிட்டான். எனக்கே வாடகை நிக்குது. பிரிட்ஜா? அவன்கிட்ட ஒரு பாயும் பெட்டியும்தான் இருந்துச்சு."

போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக்கொண்டார்கள். "நீங்களாத்தானே அனுப்புனீங்க?" என்று ஒரு கேள்வி. இவர் ஆமாம் என்றார்.

திரும்பும்போது ஜன்னலோரம் தலையைச் சாய்த்து வந்தார். தூக்கமில்லை. கண் திறந்தே இருந்தது.

2-6, சனி

இவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. வயலுக்குப் போவதில்லை. பேப்பரை நிறுத்திவிட்டார். மலர் மூலையைப் பற்றிக் கேட்கவில்லை. புரிந்திருக்கும்.

ராஜாராம் சார் சொல்லியனுப்பினார். கடைச் சுவரில் யாரோ சீட்டு ஒட்டியிருக்கிறார்களாம், பிரிட்ஜ் விற்பனைக்கு என்று. காரைக்காலிலேயே. கதீஜா அம்மா என்று பெயர். "ஆளு எனக்குப் பழக்கமில்ல, மருந்து வாங்க வருவாங்க, அவ்வளவுதான்" என்றும் சொல்லச் சொன்னாராம்.

வளையலை அடகு வைக்கலாம். இவரிடம் எப்படிச் சொல்வது?

4-6, திங்கள்

போனோம். சுத்தமான வீடு. மகன் சவூதியிலிருந்து புது பிரிட்ஜ் அனுப்பியிருக்கிறான். பழையது ஓடிக்கொண்டிருந்தது. கதவு ஓரத்தில் துரு. உள்ளே கை வைத்தேன், நல்ல குளிர்ச்சி. விலையும் நியாயம்.

இவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "வண்டி தெருமுனையத் தாண்டுனதும் நின்னுபோனா நான் யாரைக் கேக்கறது?" என்றார்.

"நான் இங்கதானே இருக்கேன். எங்க போவப் போறேன்?"

"அவனும் இப்படித்தான் மரியாதையா எழுதினான்."

எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. அந்த அம்மா என்னிடம் திரும்பி, "எவன்மா?" என்று கேட்டார். சொன்னேன். மலரைப் பற்றியும் சொன்னேன்.

நான்தான் ஒரு வழி சொன்னேன். பணத்தை ராஜாராம் சாரிடம் கொடுத்து வைப்பது. ஒரு வாரம் பிரிட்ஜ் எங்கள் வீட்டில் ஓடட்டும். நன்றாக ஓடினால் அவர் பணத்தை இந்த அம்மாவிடம் தரட்டும், இல்லையென்றால் பொருள் திரும்ப இங்கே, பணம் எங்களுக்கு.

"சரிம்மா. புள்ளைக்கு மொதல்ல மருந்த வைங்க" என்றார். இவரைப் பார்க்காமலே சொன்னார்.

ராஜாராம் சார் வளையல் அடகுப் பணத்தை வாங்கிக் கல்லாவில் தனியாகக் கட்டி வைத்தார். இரண்டு பக்கமும் பொறுப்பு என்று சிரித்தார். வெளியே வந்ததும் இவர் கேட்டார்: "இந்தாளு நம்பிக்கையானவருதானே?"

5-6, செவ்வாய்

பெட்டி வந்துவிட்டது, டயர் வண்டியில், வைக்கோல் அணைத்து. வோல்டேஜ் குறைவு, முதலில் முக்கி முனகியது. அப்புறம் ஓடியது. மலர் கதவைத் திறந்து திறந்து விளக்கு எரிவதைப் பார்க்கிறாள். திட்டினேன்.

இன்சுலின் உள்ளே. பக்கத்தில் எலுமிச்சம்பழம், மோர்.

8-6, வெள்ளி

புழுக்கம். மழை வருகிற மாதிரி வந்து கலைந்துவிட்டது. வாங்க வேண்டியது: வெந்தயம், ஸ்பிரிட், பஞ்சு.

பிரிட்ஜ் ஓடுகிறது. இவர் அதன் பக்கத்தில்தான் பாய் போட்டுப் படுக்கிறார். மோட்டார் நின்றால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார், மறுபடி ஓடினால்தான் தலை சாய்க்கிறார்.

இன்று இலை போட்டுக் கூப்பிட்டேன். சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார்.

"எங்கங்க?"

"மருந்துக்கடைக்கு. காசக் குடுத்துடச் சொல்லிட்டு வந்துடறேன்."

"இன்னும் வாரம் ஆகலியே."

"பொருளும் நம்ம வீட்ல, காசும் அந்தம்மா கைக்குப் போவல. இப்ப நாமதான் வசந்தா அவனாட்டம் இருக்கோம்."

நான் இலையை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"அப்படியே அந்தம்மாவையும் பாத்துட்டு வரேன்."

"என்ன சொல்லப் போறீங்க?"

"தெரியல" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மதிய பஸ் போகிற சத்தம் கேட்டது. ஏறியிருப்பார்.