எண்ணெய் காய்ச்சும் பக்குவம்

செல்விக்கு,

ஊருக்கு அனுப்பிவிட்டேன் என்று உனக்குக் கோபமாம். கரப்பான் வந்த கையால் மாவு கரைத்தால் யார் இட்லி வாங்குவார்கள்? "இந்தக் கையாலயா கரைக்கறேள்?" என்று நம்மிடம் வாடிக்கையாக வாங்கும் மாட்டுங்கா மாமி உன்னிடமே கேட்டாளே.

இப்போது உன் சித்தி மகள் பேச்சிதான் மாவு ஆட்டுகிறாள். தாராவியிலேயே என்னோடு தங்கிவிட்டாள். நீ விட்டுப்போன வளையல் அவளுக்குச் சரியாக இருக்கிறது.

போன மாதத்திலிருந்து அவளுக்கும் விரலிடுக்கில் அரிப்பு. நாளெல்லாம் புளித்த மாவில் கை கிடப்பதால் என்கிறார் டாக்டர். நீ சொன்னபோது சாக்கு என்று நினைத்தேன்.

வேப்பிலை போட்டுத் தேங்காயெண்ணெய் காய்ச்சிப் பூசுவாயே, அந்தப் பக்குவத்தை உடனே எழுது. போனில் கூப்பிடாதே, உன் குரல் கேட்டால் அழுகிறாள். அவள் சொறிவதைப் பார்க்க எனக்கு மனசு தாங்கவில்லை.

இப்படிக்கு,
உன் புருஷன்